நான்காம் பலகை

யார்மிலா ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் வைத்த காப்பி பொங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. மலைமேல் இருக்கும் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் அவளும் அவள் கணவர் ஹைரோவும் எப்போதோ இரண்டு பேருக்கான இடம் பிடித்து வைத்திருந்தார்கள். ஆகவே புதைப்பதற்கு இடம் இருந்தது. ஒட்டுவதற்குத்தான் இடம் இல்லை.

அவர்கள் ஊரான மோஸ்தினாவில் ஒருவர் செத்தால் அரைத்தாள் அளவில் ஓர் அறிவிப்பு அச்சடிப்பார்கள். படம், பெயர், அடக்கம் எப்போது, அவ்வளவுதான். முஸ்லிம் என்றால் பச்சைக் கரை, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் என்றால் நீலக் கரை, கத்தோலிக்கர் என்றால் கறுப்புக் கரை. அதை மரத்திலும் விளக்குக் கம்பத்திலும் பேக்கரிக் கதவிலும் ஒட்டுவார்கள். காலையில் ரொட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் கதவைப் படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். ஒருமுறை தொலைபேசியில் வந்த செய்தியை நம்பிப் பாதி ஊர் மாலையும் கையுமாக ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வீட்டுக்குப் போய் நின்றது. தபால்காரரே வந்து கதவைத் திறந்தார். அன்றிலிருந்து காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் யாரும் இழவுக்குக் கிளம்புவதில்லை. வாயால் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, காகிதம் வரட்டும் என்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்புவரை இதில் ஒரு சிக்கலும் இல்லை. ஒரே மரத்தில் பச்சையும் நீலமும் கறுப்பும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும்; மழையில் ஊறி ஒன்றாகவே உரியும். அப்போதுதான் நகராட்சிக்கு நல்லிணக்கத்தின் மேல் ஆசை வந்தது. பல சமூகங்கள் கூடி வாழும் ஊர்களுக்கு உதவுவதாக வெளிநாட்டு அமைப்பு ஒன்று அறிவித்திருந்தது. தாங்கள் கூடித்தான் வாழ்கிறோம் என்று நிரூபிப்பதற்காக, நகராட்சி முதல் வேலையாக இறந்தவர்களைப் பிரித்தது.

சதுக்கத்தில் மூன்று பலகைகள் எழும்பின. பச்சைப் பலகைக்குத் துருக்கியர் காலத்து வீடுகளில் இருப்பதுபோல மரத் தாழ்வாரம். நீலத்துக்கு உச்சியில் தகரக் குவிமாடம். கறுப்புக்கு, வியன்னாவிலிருந்து ஆண்டவர்கள் கட்டிவிட்டுப் போன பள்ளிக்கூடத்தின் ஜன்னல் வளைவு. இந்த மூன்றிலும் அடங்காதவர்களுக்குச் சட்டம் 'மற்றவர்கள்' என்று பெயர் வைத்திருக்கிறது. அவர்களுக்கான நான்காம் பலகை குடிநீர் பம்ப் அறைக்குப் பின்னால், வெறும் கான்கிரீட்டில் நின்றது. அலங்காரம் ஏதும் இல்லாதது அவர்களுடைய கட்டடக் கலை மரபை மதித்துத்தான் என்று அதிலேயே பொறித்திருந்தார்கள். அது இன்னும் திறக்கப்படவில்லை. சாக்குத் துணி போர்த்தி மூன்று குளிர்காலம் பார்த்துவிட்டது. இனி மரத்திலோ கதவிலோ ஒட்டினால் குற்றம்.

யார்மிலா சுகாதார நிலையத்தில் முப்பத்தோரு வருடம் தடுப்பூசி போட்ட நர்ஸ். அப்பா செக் நாட்டிலிருந்து கண்ணாடித் தொழிலுக்கு வந்தவர், ஊருக்குக் கண்ணாடிக்காரர். அம்மா பாதி ஸ்லோவேனியா, மீதிப் பாதியைப் பற்றி வீட்டில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. ஹைரோவோ பெயரளவில் முஸ்லிம்; நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஊரில் யாருடைய சட்டைக் கையைச் சுருட்டினாலும் தோளில் அவள் போட்ட தழும்பு இருக்கும். இடது கையால்தான் குத்துவாள். கடைசி வாரத்தில் ஒருநாள் தலையணையில் சாய்ந்தபடி அவரிடம் சொன்னாள்.

"ஹைரோ, எனக்குக் கரை கிரை எதுவும் வேண்டாம். வெள்ளைக் காகிதம் போதும். ஆனா ஆளில்லாம மட்டும் என்னைத் தூக்கிட்டுப் போயிடாதே. நான் குத்தி அலறவெச்ச பசங்க அத்தனை பேரும் வந்து நிக்கணும். அன்னிக்கு ஒருநாளாவது யாரும் என்னைப் பாத்து ஓட மாட்டாங்க."

அவர் சரி என்றார். அது பெரிய காரியமாக அவருக்கு அப்போது தோன்றவில்லை.

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அவள் படத்தோடு நகராட்சிக்குப் போனார். அந்தக் கட்டடமே ஊரின் சரித்திரம். கீழ்த்தளம் துருக்கியர் காலத்துக் கல், மாடி வியன்னாக்காரர்கள் எழுப்பியது, பின்கட்டு சோஷலிசம் கட்டியது, கழிவறை போன வருடம் நன்கொடையில் வந்தது. நான்கும் மழைக்கு ஒரே மாதிரி ஒழுகும். ஏழாம் எண் சாளரத்தில் நெவெனா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அனுதாபம் தெரிவித்துவிட்டு, என்ன கரை என்று கேட்டாள்.

"கரை வேண்டாம்மா. வெள்ளையா இருக்கட்டும்."

"வெள்ளைன்னு கட்டம் இல்லீங்களே ஐயா. பச்சை, நீலம், கறுப்பு, மற்றவை. நாலுதான்."

கடைசியாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அம்மையார் என்ன எழுதினார் என்று அவள் கணினியில் தேடினாள். கண்டுபிடித்தாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். சமூகம் என்ற இடத்தில் யார்மிலா 'இடதுகைக்காரி' என்று எழுதியிருந்தாள்.

"எனக்கும் இவங்கதான் ஊசி போட்டாங்க," என்று நெவெனா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நான் இடது கையை நீட்டாம வலது கையை நீட்டினேன். 'ஓ, நீயும் நம்ம கட்சியா'ன்னு கேட்டாங்க."

அப்புறம் முகத்தை மறுபடியும் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, இது நல்லிணக்கக் குழுவுக்குத்தான் போகவேண்டும் என்றாள். ரசீது எழுதிக் கொடுத்தாள். இடது கையால் எழுதுகிறவள். மை காய்வதற்குள் கை அதன்மேலேயே நகர்ந்து போகும். ரசீது முழுக்க நீலமாக இழுபட்டு, அவர் பெயரே அவருக்குப் புரியவில்லை. எப்போதும் இப்படித்தான் ஆகிறது, திட்டு வாங்குகிறேன் என்று மன்னிப்புக் கேட்டாள். ஹைரோவுக்கு வீட்டில் சமையலறைச் சுவரில் தொங்கும் மளிகைச் சீட்டுகள் ஞாபகம் வந்தன. அவையும் இப்படித்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. உறுப்பினர்கள் மூவர்: பச்சைக்கு எதெம், நீலத்துக்கு ஸ்வெத்தோஸார், கறுப்புக்கு அந்துன். மூவரும் சமம் என்பதால் தலைவர் நாற்காலி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைமாறும். மேசையில் ஒரு சமையலறைக் கடிகாரம் இருந்தது. அது மணியடித்ததும் மூவரும் எழுந்து, கோப்பையோடு ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார்கள். புதிய தலைவர் வந்துவிட்டதால் ஹைரோ எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டும். தன் மனைவி செத்துவிட்டாள் என்று அன்று காலை மட்டும் அவர் நான்கு தடவை சொன்னார். நான்கு தடவையும் மூவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள், அதற்கு மேல் முறையாக யாரும் நடந்துகொண்டிருக்க முடியாது.

"ஒண்ணு புரிஞ்சுக்கணும் நீங்க," என்றார் எதெம், நாற்காலி தன்னிடம் இருந்தபோது. "இந்த ஊர்ல யாரும் யாரையும் பிரிச்சுப் பாக்கறதில்ல. அதனாலதான் யார் யாருன்னு எங்களுக்கு மொதல்லயே தெரிஞ்சாகணும்."

பிறகு அவர் கனிவோடு ஒரு வழி சொன்னார். பலகைகளில் மூன்று சமூகத்துக்கும் மாதத்துக்கு ஒரே அளவு இடம். பச்சை இந்த மாதம் இரண்டு பேர் பின்தங்கியிருக்கிறது. கணவர் வழியாக அம்மையாரைப் பச்சையில் சேர்த்தால் சாயங்காலமே ஒட்டிவிடலாம்.

அந்துன் உடனே மறுத்தார். கத்தோலிக்கக் கண்ணாடிக்காரரின் மகளைப் பச்சைக்குக் கொடுத்தால் கறுப்பு மக்களுக்கு அவரால் முகம் காட்ட முடியாதாம். அப்படியானால் கறுப்பில் ஒட்டுங்கள் என்றார் எதெம். கறுப்பில் இந்த மாதம் இடம் நிரம்பிவிட்டது, ஆனால் அது வேறு விஷயம், இது கொள்கை என்றார் அந்துன். அம்மாவின் மீதிப் பாதியைப் பற்றி வீட்டில் இருந்த இரண்டு அபிப்பிராயங்களில் ஒன்று நீலம் என்று கேள்விப்பட்டதாக ஸ்வெத்தோஸார் பதிவுசெய்யச் சொன்னார். அவருக்கும் அவள் வேண்டாம். ஆனால் விட்டுக்கொடுக்கவும் முடியாது.

"அவ யாருக்கும் வேண்டாம்னா அவளை ஏங்க இழுக்கறீங்க?" என்று கேட்டார் ஹைரோ. "வெள்ளைக் காகிதம் ஒண்ணு. ஒரு மரத்துல. ரெண்டே நாளைக்கு."

மூவரும் அவரை வருத்தத்தோடு பார்த்தார்கள்.

"வெள்ளையா ஒட்டினா, பாக்கறவன் என்ன நெனைப்பான்?" என்றார் அந்துன். "செத்தது ஒரு மனுஷின்னு நெனைப்பான். யாரோட மனுஷின்னு தெரியாது. அப்புறம் யார் அழறது? சகிப்புத்தன்மைன்னா சும்மாவா? நான் உங்க பலகையைப் பாக்க மாட்டேன், நீங்க என் பலகையைப் பாக்காதீங்க. இத்தனை வருஷமா ஊர் அமைதியா இருக்குன்னா இதனாலதான்."

அதற்குள் சுவரோரம் உட்கார்ந்திருந்த குழுவின் சட்ட ஆலோசகர் இடதுகைக்காரர்கள் விஷயத்தைக் கிளப்பினார். அது ஒரு சமூகம்தானா? மொத்த மக்கள்தொகையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் ஐந்தாவது பலகை கட்டவேண்டி வரும்; அதன் கட்டடக் கலை மரபு என்ன? அறையில் இடதுகைக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று ஸ்வெத்தோஸார் கேட்டார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நெவெனா பேனாவை மெதுவாக வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். யாரும் இல்லை என்று பதிவாயிற்று.

கடைசியில் மற்றவர்கள் என்று தீர்மானித்தார்கள். தீர்மானித்த மறுகணம் மூவருக்கும் முகம் மலர்ந்தது. அடுத்த திங்கட்கிழமை வெளிநாட்டுத் தூதுக்குழு வருகிறது. மற்றவர்கள் எங்கே என்று அது போன வருடமே கேட்டிருந்தது. இப்போது ஒருவர் கிடைத்துவிட்டார். நான்காம் பலகையை யார்மிலாவை வைத்தே திறந்துவிடலாம்.

அடக்கம் வியாழக்கிழமை என்று ஹைரோ ஞாபகப்படுத்தினார். தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றார். பரவாயில்லை, அடக்கம் குடும்பத்தின் உரிமை, நகராட்சி ஒருபோதும் தலையிடாது என்று பெருந்தன்மையோடு சொன்னார்கள். அறிவிப்பு மட்டும் திங்கட்கிழமை. அதற்கான படிவத்தைப் பார்த்தபோதுதான் அதில் தேதி போட இடமே இல்லை என்பதை ஹைரோ கவனித்தார். நெவெனா விளக்கினாள். மூன்று சமூகத்துக்கும் மூன்று நாட்காட்டி; எந்தத் தேதியை முதலில் போடுவது என்று குழு பதினான்கு மாதம் விவாதித்து, கடைசியில் தேதியையே எடுத்துவிட்டது. கிழமையில் யாருக்கும் தகராறு இல்லை. அதனால் கிழமையும் மணியும் மட்டும்தான்.

புதன்கிழமை ஹைரோ தானே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பேக்கரிக்குக் கொண்டுபோனார். பேக்கரிக்காரர் ஜெமைல், சின்ன வயதில் யார்மிலாவின் ஊசிக்குப் பயந்து மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தவர்.

"ஒட்டிட்டுப் போங்கண்ணே. நான் உள்ள அடுப்பைப் பாத்துட்டு இருக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.

காகிதம் பதினோரு நிமிடம் இருந்தது. நகராட்சி ஆய்வாளர் வந்து, ஒரு மூலையும் கிழியாமல் உரித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு எண் கொடுத்து எடுத்துப் போனார். இரங்கல் தெரிவித்துவிட்டுத்தான் போனார். ஹைரோ அன்று வீடு வீடாகவும் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார்கள். காகிதம் வரட்டும் என்றார்கள்.

வியாழக்கிழமை மலைமேல் நான்கு பேர் இருந்தார்கள். ஹைரோ, எதிர்வீட்டு அந்த்யா, குழி வெட்டிய இருவர். மண் தள்ளும்போது அந்த்யா நான்கு திசையும் திரும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் நேரம் காத்திருக்கலாமா என்று கேட்டாள். காத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. தான் கொடுத்த ஒரே வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்ற வெட்கத்தில் ஹைரோ அந்தக் குழியைப் பார்க்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. பம்ப் அறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். மூன்று சமூகப் பாடகர் குழுக்களும் ஒரே பாட்டை மூன்று இடத்தில் நின்று பாடின. சாக்குத் துணியை மூன்று பேர் சேர்ந்து உருவினார்கள். சாம்பல் நிறக் கரைக்குள் யார்மிலா சிரித்தாள். அடக்கம்: வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி.

"இவங்க நமக்கெல்லாம் ஒரு பெருமை," என்றார் ஸ்வெத்தோஸார் ஒலிபெருக்கியில். "மற்றவங்கன்னு யாருமே இல்லைன்னு எங்களைக் குத்தம் சொன்னாங்க. இதோ இருக்காங்க. இன்னும் பல பேர் இந்தப் பலகைக்கு வரணும்னு மனசார வாழ்த்தறேன்."

தூதுக்குழு கைதட்டியது. ஊரும் தட்டியது. தட்டிவிட்டுக் காகிதத்தைப் படித்தது. தாங்கள் இன்றுதான் கேள்விப்படுகிறோம் என்று பலருக்கும் துக்கமாக இருந்தது. ஹைரோ வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மதியம் அவர் கல்லறைக்குப் போனார். மண்மேட்டில் வாடிய பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெமைல் மாலையோடு ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூட ஆசிரியைகள், மீன் கடைக்காரர்கள், முழுப் பேருந்து நிலையம், பச்சை, நீலம், கறுப்பு எல்லாம் கறுப்புச் சட்டையில் கலந்து வந்தார்கள். காகிதத்தில் தேதி இல்லாமல் வியாழக்கிழமை என்று மட்டும்தானே இருந்தது; அடக்கம் இந்த வாரம்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். வந்துவிட்டார்கள். கடைசியில் நெவெனாவும் கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்தபடி வந்தாள்.

"இன்னும் கொண்டுவரலையாண்ணே?" என்று ஜெமைல் மூச்சு வாங்கக் கேட்டார்.

ஹைரோ கையிலிருந்த வாடிய பூக்களைக் கீழே போட்டார். "வந்துட்டாப்பா," என்றார் மண்மேட்டைக் காட்டி. "அவ எப்பவும் கொஞ்சம் முன்னாடியே வந்துடுவா."

ஒருவர்பின் ஒருவராக மண்ணைத் தொட்டார்கள். ஊசிக்குப் பயந்து ஓடிய கதைகளைச் சொல்லிச் சிரித்தார்கள், அழுதார்கள். அத்தனை பேர் முன்னால் ஹைரோவும் வாய்விட்டு அழுதார். பதினோரு நாளில் முதல்முறையாக அவர் நெஞ்சு லேசானது. உன் பசங்க வந்துட்டாங்க என்று மண்ணிடம் சொன்னார்.

நகராட்சியும் சும்மா இருக்கவில்லை. பண்பாட்டுத் துறையிலிருந்து ஒருவர் மடக்கு மேசை போட்டு, தோல் அட்டை போட்ட இரங்கல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருந்தது என்று யாரும் படிக்கவில்லை. துக்கத்துக்கு வந்த இடத்தில் யார் அதையெல்லாம் படிப்பார்கள்?

மூன்று வாரம் கழித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் கடிதம் வந்தது. மற்றவர்கள் சமூகத்தில் தாமாக முன்வந்து பதிவுசெய்துகொண்டதற்கு நகராட்சி நன்றி தெரிவித்தது. பழைய சமூகத்தின் பெயரால் இருக்கும் உரிமங்கள், வேலை, பள்ளிக்கூட இடங்கள் முதலியவை மறுபரிசீலனைக்கு உட்படும். இறந்தபின் அறிவிப்பு நான்காம் பலகையில் இடம்பெறும். தூதுக்குழு மிகவும் மகிழ்ந்தது என்றும் தனியாக ஒரு வரி இருந்தது.

மறுநாள் காலை ஏழாம் எண் சாளரத்தில் தொடங்கிய வரிசை சதுக்கத்தைச் சுற்றி மூன்று பலகைகளையும் தாண்டி நின்றது. ஹைரோ தன் கடிதத்தோடு விஷயம் என்ன என்று கேட்கத்தான் வந்தார். வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் மலைக்கு வந்தவர்கள். அவரைக் கண்டதும் ஒருவர் தலைக்குமேல் இருந்த குவிமாடத்தைப் பார்த்தார், ஒருவருக்குச் செருப்பு வார் அவிழ்ந்தது. ஜெமைல்தான் தப்பிக்க முடியாமல் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே," என்றார். "கடை லைசென்ஸ் பச்சையில இருக்கு. நாளைக்கு மூடிட்டுப் போன்னா நான் எங்க போவேன்? அக்காமேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். கையெழுத்தை மட்டும்தான் எடுக்கறேன்."

ஹைரோ அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். தட்டிய இடத்தில்தான் தழும்பு இருக்கும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். ஜெமைல் குனிந்துகொண்டார். அவர்மேல் ஹைரோவுக்குக் கோபம் வரவில்லை, கோபம் வந்திருந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

நெவெனா ஒவ்வொரு பெயராகச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் முத்திரை குத்தினாள். நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் புத்தகத்தின் உரிமையாளர் குடும்பம் என்ற முறையில் சரிபார்க்க ஹைரோவை அழைத்தார்கள். சாளரத்தின் முன் நின்று பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெயர்களின் மேல் சிவப்புக் கோடு, கோட்டின்மேல் முத்திரை. மூன்று பெயர்கள் மட்டும் மிச்சம்.

"உங்க பேரையும் அடிச்சிடவா ஐயா?" என்று நெவெனா கேட்டாள். கேட்கவேண்டும் என்பது விதி.

"இருக்கட்டும்மா."

இரண்டாவது அந்த்யாவுடையது. கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டாள், வரிசையில் நிற்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தாள். மூன்றாவது கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில் இருந்தது. மை காய்வதற்குள் எழுதிய கை அதன்மேலேயே நகர்ந்து போயிருந்தது. பெயர் முழுக்க நீலமாக இழுபட்டு, ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை.

ஹைரோ அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து நெவெனாவைப் பார்த்தார். அவள் வலது கையில் பேனாவைப் பிடித்தபடி முத்திரை மையின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை மூடி அவள் பக்கம் தள்ளினார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

பதிவேட்டில் அடையாளம் தெரியாத ஒருவர் இருப்பதைக் குழு சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைவர் நாற்காலி ஆறு முறை கைமாறியபின் தீர்மானம் நிறைவேறியது. அந்தக் கையெழுத்து யாருடையது என்று விசாரித்துப் பதினைந்து நாளில் அறிக்கை தரும் பொறுப்பு நெவெனாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இப்போது நான்கு மாதம் ஆகிறது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.